தென்னைமரத் தோட்டம் கற்பிக்கும் பாடம்: அயல்நாட்டுக் கல்வியும் எதிர்பாராத திருப்பங்களும்

'நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும்' என்பது நம் பாட்டிமார் அடிக்கடி கூறும் பழமொழி. அயல்நாட்டிற்குக் கல்வி கற்கச் செல்லும் மாணவர்களுக்கு இதன் பொருள் மற்றவர்களைவிடச் சற்று விரைவாகவே விளங்கிவிடும். விமானம் ஏறும்போது மனத்தில் இருக்கும் திட்டமும், சில ஆண்டுகள் கழித்துக் கையில் கிடைக்கும் பட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவது அரிய நிகழ்வன்று. நாணய மதிப்பு சரியலாம். சேர்ந்த பாடப்பிரிவு இல்லாமல் போகலாம். பெறப்போகும் பட்டத்திற்குத் தாய்நாட்டில் அங்கீகாரம் நீக்கப்படலாம். போரோ நோய்த்தொற்றோ கல்லூரிக் கதவையே மூடிவிடலாம்.

இத்தகைய வேளைகளில் 'எதிர்பாராததை ஏற்றுக்கொள்ளப் பழகு' என்ற அறிவுரை நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. தன்முனைப்பு முகாம்களில் இதைக் கேட்காத மாணவர் இருக்க முடியாது. அறிவுரை நல்லதுதான். ஆயினும், எதைக் கொண்டு ஏற்றுக்கொள்வது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைப்பதில்லை. தோட்டப்புறத்திலிருந்து படிக்கச் செல்லும் மாணவருக்கு இது வெறும் மனப்பான்மை பற்றிய கேள்வியாக இருக்க முடியாது. அவருக்குப் பின்னால் பெற்றோரின் சேமநிதிப் பணமும், அடுத்துப் படிக்கக் காத்திருக்கும் தம்பி தங்கையரும் இருக்கிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்த கோலசிலாங்கூர் வட்டாரத்தின் வரலாறே இக்கேள்விக்கு ஒரு விடையைத் தருகிறது என்பது என் கருத்து. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் தென்னைமரம், பயிர் செம்பனை

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் அழைக்கப்படும் வட்டாரத்தில், 'தென்னமரம்' என்ற பெயரில் ஒரு தோட்டம் உண்டு. அப்பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் உண்டு. தென்னைமரம் என்ற நம் சொல்தான் அங்கு ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. ஆனால் அத்தோட்டம் வரலாற்றில் இடம்பெற்றது தென்னையால் அன்று. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலில் பயிரிடப்பட்டது அங்குதான், ஆண்டு 1917.

அதைத் தொடங்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1879ஆம் ஆண்டு பிரான்சில் பார்பெசியே என்னும் சிற்றூரில் பிறந்தவர். எழுத்தாளராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். எழுதுவதற்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்குப் பணம் வேண்டும். எனவே இங்கிலாந்தில் பார்த்து வந்த ஆசிரியர் வேலையை விட்டு, 1905ஆம் ஆண்டு போர்னியோவிற்குப் பயணமானார். வழியில் சிங்கப்பூரில் தங்கியபோது, எதிர்காலம் ரப்பருக்குத்தான் என்று கேள்விப்பட்டார். போர்னியோ திட்டத்தைக் கைவிட்டு மலாயாவில் இறங்கினார்.

இங்கு அவர் நேரே முதலாளியாகிவிடவில்லை. முதலில் ஒரு தோட்டக்காரரிடம் பயிற்சி பெற்றார். மலாயும் தமிழும் கற்றார். அவ்வகையில் அவரும் அயல்நாட்டில் பாடம் படித்த மாணவர்தாம். பின்னர்ச் சிலாங்கூர் ஆற்றுக்கு அப்பால் ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் பெற்றுத் தோட்டம் அமைத்தார்.

செம்பனையின் பயணமும் எதிர்பாராத ஒன்றே. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மரத்தின் நான்கு கன்றுகள் 1848ஆம் ஆண்டு ஜாவாவின் போகோர் பூங்காவில் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்கள் சுமத்திராவிலும், பின்னர் மலாயாவிலும் அழகுக்காக வளர்க்கப்பட்டன. ஃபோக்கோனியே 1911, 1912ஆம் ஆண்டுகளில் சுமத்திராவிலிருந்து விதைகளைத் தருவித்து ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டார். காப்பிப் பயிர் பலன் தராமல் போன நிலத்தில், 1917ஆம் ஆண்டு செம்பனையைத் தோட்டப் பயிராகவே நட்டனர். அழகுக்கு நின்ற மரம் பின்னாளில் இந்நாட்டின் முதன்மைப் பயிராகியது.

எழுத்தாளராகும் விருப்பமும் வீண்போகவில்லை. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவலுக்கு 1930ஆம் ஆண்டு பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்நாவலில் நம் தோட்டத் தமிழரும் வருகிறார்கள்.

போர்னியோவிற்குப் புறப்பட்டவர் கோலசிலாங்கூரில் இறங்கினார். காப்பி பொய்த்த இடத்தில் செம்பனை வந்தது. எதிர்பாராததை ஏற்றுக்கொண்டவருக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா என்று தோன்றும். தன்முனைப்புப் பேச்சாளர் என்றால் கதையை இவ்விடத்தில் முடித்துவிடுவார். நாம் இன்னும் சற்றுத் தொடர வேண்டும்.

அதே மண், வேறு கதை

அக்காலத்தில் அதே மண்ணுக்கு நம் முன்னோரும் வந்தனர். அவர்களும் கடல் கடந்தவர்களே. ஊரில் கங்காணி சொன்னது ஒன்று, இங்கு வந்து கண்டது வேறொன்று. காடழித்தவர்களும், கன்று நட்டவர்களும், பால் வெட்டியவர்களும் அவர்களே. திட்டமிடாத திருப்பங்கள் அவர்கள் வாழ்விலும் அடுத்தடுத்து வந்தன. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரக்கணக்கானோர் இந்தியாவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938ஆம் ஆண்டு இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ரப்பரைப்போல் அத்தனை கைகள் தேவைப்படவில்லை. அதன் பின்னர்த் தோட்டங்களே வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது என்பதால், வேலை போனால் வீடும் போயிற்று.

இத்தனையையும் நம் முன்னோர் 'ஏற்றுக்கொண்டார்கள்'. ஆனால் ஃபோக்கோனியே ஏற்றுக்கொண்டதும் இவர்கள் ஏற்றுக்கொண்டதும் ஒன்றா?

சிங்கப்பூரில் இறங்கிய பிரெஞ்சுக்காரருக்குக் கொஞ்சம் பணமும் படிப்பும் இருந்தன. விசாரித்துச் சொல்ல ஆட்கள் இருந்தனர். விரும்பினால் ஊர் திரும்பக் கப்பல் இருந்தது. திட்டம் பொய்த்தபோது அவரால் வேறொன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. லயத்தில் இருந்தவருக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. நாம் பொறுமை என்று போற்றுவதில் பெரும்பகுதி வேறு வழியில்லாமையே. துணிவில் நம்மவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

இதை அவர்களும் உணர்ந்தே இருந்தனர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்து கோலசிலாங்கூர் வரை பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்குவோம். சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்கக் கேட்டார்கள். அவற்றோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்த வேலைநிறுத்தம் படையைக் கொண்டு அடக்கப்பட்டது. ஆயினும் கல்விக் கோரிக்கையின் உட்பொருள் தெளிவு. தம் பிள்ளைகளுக்காவது தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அமைய வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள்.

ஆகவே, எதிர்பாராததை ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் என்பது மனத்துணிவு மட்டுமன்று. இரண்டாவது வழி ஒன்று கையில் இருக்கும்போதுதான் அந்தத் துணிவு பயன்படும். அயல்நாட்டுக் கல்வியில் இந்த உண்மை எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இனிக் காண்போம்.

நாணய மதிப்பு மாறினால்

1997ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்க டாலர் ஏறத்தாழ 2.50 வெள்ளியாக இருந்தது. ஆசிய நிதி நெருக்கடியால் 1998 ஜனவரியில் அது 4.88 வெள்ளி வரை சென்றது. 1998 செப்டம்பரில் அரசாங்கம் அதை 3.80 வெள்ளியாக நிலைநிறுத்தியது. ஆண்டுக்கு 10,000 டாலர் செலவாகும் ஒரு படிப்பை எடுத்துக்கொள்வோம். 25,000 வெள்ளி என்று கணக்கிட்ட குடும்பம், ஏழெட்டு மாதங்களில் 48,800 வெள்ளி கட்ட வேண்டிய நிலை. மாணவர் எந்தத் தவறும் செய்யவில்லை, தேர்விலும் தோற்கவில்லை. ஆனால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

அந்த 23,800 வெள்ளி வேறுபாடு எத்தகையது? 2013ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியாவில் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தபோது அது மாதம் 900 வெள்ளி. நெருக்கடி நடந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த அந்தச் சம்பளத்திலும் இது இருபத்தாறு மாத உழைப்பு. தோட்டக் குடும்பத்திற்கு நாணய மாற்று விகிதம் என்பது நாளிதழின் வணிகப் பக்கச் செய்தி மட்டுமன்று என்பது இதிலிருந்து புலப்படும்.

அந்நெருக்கடியின்போது பலர் பாதியில் திரும்பினர். அவர்களில் ஒரு சாராருக்கு இங்கேயே வழி கிடைத்தது. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்திற்குப் பின் உள்நாட்டுக் கல்லூரிகள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து பாடம் நடத்திவந்தன. நெருக்கடியை ஒட்டி, மூன்றாண்டும் இங்கேயே பயின்று அயல்நாட்டுப் பட்டம் பெறும் 3+0 திட்டங்கள் வளர்ந்தன. முடித்த பாடங்களின் மதிப்பெண் சான்றிதழைக் கையில் வைத்திருந்தவருக்குப் பாதிப் படிப்பும் மதிப்புள்ளதாயிற்று.

அங்கீகாரம் மாறினால்

மருத்துவம் நம் பெற்றோரின் பெருங்கனவு. உள்நாட்டில் இடம் கிடைக்காதபோது இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா, உக்ரேன் என்று பிள்ளைகளை அனுப்பினர். உக்ரேனின் சிம்பெரோபோல் நகரில் இருந்த கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மலேசிய மாணவர் நூற்றுக்கணக்கில் பயின்றனர். அவர்களில் இந்திய மாணவர் கணிசமானோர். 2005ஆம் ஆண்டு மலேசிய அரசாங்கம் அப்பல்கலைக்கழகத்தின் பட்டத்திற்கான அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. அங்குச் சேர எண்ணிப் பணம் திரட்டியிருந்த குடும்பங்களுக்கு அந்த வாசல் அடைபட்டது. அந்நகரம் இருக்கும் கிரிமியாவே 2014ஆம் ஆண்டு ரஷ்யாவின் கைக்குப் போனது. 2022 பிப்ரவரி 24இல் உக்ரேனில் முழுப் போர் மூண்டபோது, அங்குப் பயின்ற இந்திய மாணவர் பல்லாயிரவர், தமிழ்நாட்டினர் உட்பட, படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்பினர்.

அங்கீகாரம் என்பது என்ன என்பதை இங்கு விளக்குவது பொருந்தும். ஒரு பட்டம் தரமானதாக இருப்பது வேறு. அப்பட்டத்தைக் கொண்டு ஒரு நாட்டில் தொழில் செய்யச் சட்டம் அனுமதிப்பது வேறு. மலேசியாவில் மருத்துவராகப் பதிவு செய்வது 1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்திற்கு உட்பட்டது. அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களின் பட்டியல் உள்ளது. பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தவர் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். பட்டியல் நிலையானதன்று. எனவே முகவர் தரும் வண்ணத் துண்டுப் பிரசுரத்தை நம்பாமல், மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலை நாமே பார்க்க வேண்டும். மற்றப் பட்டங்களுக்கு மலேசியத் தகுதி முகமையிடம் விசாரிக்கலாம். இதற்கு ஒரு நாள் போதும். ஐந்தாண்டுப் படிப்புக்கு முன் ஒரு நாள் செலவிடுவது பெரிதன்று.

பாடத்துறை மாறினால்

மருத்துவம் படிக்கச் சென்றவர்கள் அனைவரும் மருத்துவராக வேண்டும் என்பதில்லை. 1942ஆம் ஆண்டு கெடா மாநிலம் பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் இதற்குச் சான்று. மருத்துவம் படிக்க இந்தியாவிற்குச் சென்ற அவர் அதைத் தொடரவில்லை. திரும்பி வந்து, 1962 முதல் 1964 வரை இங்கிலாந்தின் உல்வர்ஹாம்டனில் இருந்த மலாயன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அங்கேயே விரிவுரையாளரானார். 1981ஆம் ஆண்டு வெளிவந்த 'திரும்புதல்' என்று பொருள்படும் அவருடைய ஆங்கில நாவல், மலேசியத் தமிழர் வாழ்வை ஆங்கில வாசகர் முன் வைத்தது. 2020ஆம் ஆண்டு அவர் மறைந்தார். மருத்துவம் கைகூடாதபோது அவருக்கு ஆசிரியர் பயிற்சி என்ற இரண்டாவது வழி அரசாங்கச் செலவில் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எனக்கு நேர்ந்ததையும் இவ்விடத்தில் குறிப்பிடுகிறேன். இதழியல் முதுகலை படிக்க நான் தமிழ்நாட்டிற்குச் சென்றேன். சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. கட்டணத்தின் ஒரு பகுதியும் கட்டியாயிற்று. அங்குச் சென்று சேர்ந்த இரண்டாம் நாள்தான், போதிய மாணவர் சேராததால் அவ்வாண்டு அப்பிரிவு நடைபெறாது என்றார்கள். நாட்டார் வழக்காற்றியல், மொழியியல் ஆகிய இரண்டில் ஒன்றில் சேரலாம். அல்லது கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்றார்கள். முடிவு சொல்ல ஒரு வாரம் தந்தார்கள்.

என் தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். என் படிப்புச் செலவு, அவருடைய ஊழியர் சேமநிதியில் கல்விக்கென எடுக்க அனுமதிக்கப்பட்ட தொகையிலிருந்தும், அம்மா கட்டிவந்த கூட்டுப் பணத்திலிருந்தும் வந்தது. ஆனால் புறப்படுவதற்கு முன்பே அப்பா ஒரு காரியம் செய்திருந்தார். திரும்பி வரும் விமானக் கட்டணமும், இங்கு ஒரு பருவம் படிக்கத் தேவையான தொகையும் தனிக் கணக்கில் இருந்தன. "இதத் தொடாத. ஒத்து வரலன்னா கெளம்பி வந்துரு. யாரும் ஒன்னும் கேக்க மாட்டோம்" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வாரத்தில் நான் ஓரளவு நிம்மதியாக யோசிக்க முடிந்ததற்கு அந்தக் கணக்கே காரணம். தஞ்சோங் காராங்கைச் சேர்ந்த மூத்த மாணவி ஒருவர் அங்குப் பயின்று கொண்டிருந்தார். "அக்கா, இந்தப் பாடத்த எடுத்தா நம்ம ஊர்ல வேல கெடைக்குமா?" என்று கேட்டேன். அவர் விரிவுரையாளர்களிடம் அழைத்துச் சென்றார், பாடத்திட்டத்தைக் காட்டினார், சாதகம் பாதகம் இரண்டையும் மறைக்காமல் சொன்னார். நான் நாட்டார் வழக்காற்றியலில் சேர்ந்தேன்.

அதே பிரிவுக்காக வந்திருந்த இன்னொரு மலேசிய மாணவர் கட்டணத்தைத் திரும்பப் பெற்று நாடு திரும்பினார். இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் அதே துறையைப் படித்து முடித்தார். எங்கள் இருவரின் முடிவும் சரியான முடிவே. ஏற்றுக்கொள்வது என்றால் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு அங்கேயே கிடப்பது என்று பொருளில்லை. நிலைமை மாறிவிட்டது என்பதை மறுக்காமல், மாறிய நிலையிலிருந்து கணக்கிடுவதுதான் ஏற்றுக்கொள்வது. திரும்பி வருவதும் அதில் அடங்கும். திரும்பி வந்த பிள்ளையைப் பார்த்துக் கோயில் திருவிழாவில் குத்திக் காட்டும் வழக்கத்தை நம்மவர்கள் விட்டுவிட்டால் நல்லது.

மொழி நம்முடையதே, ஆனாலும்

தமிழ்நாட்டிற்குச் செல்லும் மலேசிய மாணவர் பலரும் மொழியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. உண்மையில் எதிர்பாராத அனுபவம் அங்குதான் தொடங்குகிறது. 'பசியாறிட்டீங்களா?' என்று காலையில் கேட்டால், மரியாதைக்காகச் சிரிப்பார்கள். உணவு உண்டாயிற்றா என்று கேட்கிறோம் எனப் புரிய நேரமாகும். 'மோட்டார்ல வந்தேன்' என்றால் நாம் மோட்டார் சைக்கிளைச் சொல்கிறோம்; அவர்களுக்கு நினைவில் வருவது கிணற்று நீரை இறைக்கும் மோட்டார். நமக்கு 'வெள்ளி' பணம். அவர்களுக்கு உலோகம், அல்லது கிழமை. நம் தோட்டத்தில் 'தண்டல்' வேலை வாங்கும் மேற்பார்வையாளர். சென்னையில் தண்டல் என்றால் நாள்தோறும் வசூலிக்கும் வட்டிக் கடன். 'கித்தா' என்ற சொல்லைக் கேட்டவுடன் அது ரப்பர் என்று புரிந்துகொண்டவரை நான் அங்குச் சந்திக்கவில்லை.

முதலில் இது கூச்சத்தைத் தரும். நம் தமிழ் குறையுடையது என்ற எண்ணம் சிலருக்கு வந்துவிடுகிறது. ஓராண்டில் பேச்சையே மாற்றிக்கொள்கிறார்கள். நாட்டார் வழக்காற்றியல் எனக்கு வேறொரு பார்வையைத் தந்தது. ஒரு சொல் ஓரிடத்தில் வழங்கி இன்னோரிடத்தில் வழங்காமல் இருப்பது குறையன்று. அது அம்மக்கள் வாழ்ந்த வாழ்வின் பதிவு. 'தண்டல்' என்ற பழைய தமிழ்ச் சொல் கப்பலேறி வந்து, நம் தோட்டத்தில் ஒரு வேலையின் பெயராயிற்று. 'கித்தா' என்ற சொல் பால்மரக் காட்டு வாழ்வோடு வந்தது. அம்மரங்கள் இன்று எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலும் இல்லை. அவற்றோடு சேர்ந்த சொற்கள் முதியவர்களிடம் மட்டுமே இருக்கின்றன.

படிப்பு முடிந்து வந்ததும், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பகுதிகளில் முன்பு பால் வெட்டிய பாட்டிமாரைத் தேடிச் சென்று, தாலாட்டையும் வேலைச் சொற்களையும் பதிவு செய்து வருகிறேன். இதழியல் படித்திருந்தால் இதைச் செய்திருப்பேனா என்பது ஐயமே. அதே சமயம், வேலைச் சந்தையில் என் பாடத்திற்கு வரவேற்பு குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆசிரியர் பணி கிடைக்கும் வரை ஓராண்டுக்கு மேல் பகுதிநேர வகுப்புகளை நடத்தித்தான் காலம் தள்ளினேன். எதிர்பாராத வழியிலும் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

2020ஆம் ஆண்டின் கோவிட் காலம் இக்கருத்தை உலகம் முழுவதற்கும் உணர்த்தியது. மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும், மார்ச் 25இல் இந்தியாவில் நாடு தழுவிய ஊரடங்கும் நடப்புக்கு வந்தன. மாணவர் பலர் விடுதிகளில் சிக்கினர். வகுப்புகள் இணையத்திற்கு மாறின. எந்தத் திட்டமும் இதை முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது. ஆனால் எந்தத் திருப்பம் வந்தாலும் உதவக்கூடிய ஏற்பாடுகள் சில உள்ளன. தோட்டப்புற, சிற்றூர்க் குடும்பங்களை மனத்தில் கொண்டு அவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. திரும்பும் பணம்: விமானக் கட்டணமும், உள்நாட்டில் ஒரு பருவக் கட்டணமும் தனியாக இருக்கட்டும். அதைச் சேர்க்க ஓராண்டு தாமதமானாலும் பரவாயில்லை.

2. நாணயக் கணக்கு: இன்றைய மாற்று விகிதத்தில் கணக்கிட்டபின், வெள்ளியின் மதிப்பு கால் பங்கு குறைந்தால் என்னவாகும் என்றும் கணக்கிடுங்கள். இரண்டாவது கணக்கிலும் தாக்குப்பிடிக்கும் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

3. அங்கீகாரம்: உரிய மன்றத்தின் பட்டியலைச் சேரும் முன் ஒருமுறையும், ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறையும் பாருங்கள்.

4. சான்றிதழ்கள்: ஒவ்வொரு பருவத்தின் மதிப்பெண் சான்றிதழையும் பாடத்திட்டத்தையும் அவ்வப்போது பெற்று, ஒரு படி வீட்டிற்கு அனுப்பிவிடுங்கள். வேறு கல்லூரிக்கு மாற நேர்ந்தால் முதலில் கேட்கப்படுபவை இவையே.

5. கேட்க ஓர் ஆள்: அங்கு ஏற்கெனவே படிக்கும் ஒருவரையாவது புறப்படும் முன் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். முகவர் அந்த ஆள் ஆகமாட்டார். அவருக்கு உங்கள் சேர்க்கையில் தரகு உண்டு.

6. வீட்டில் ஒரு பேச்சு: 'சரிவரவில்லை என்றால் என்ன செய்வோம்?' என்று பெற்றோரோடு வெளிப்படையாகப் பேசுங்கள். அபசகுனம் என்று ஒதுக்க வேண்டாம். பேசாமல் போன பிள்ளைதான் அங்குத் தனியாகத் தவிக்கிறது.

நிறைவாக

இன்று கோலசிலாங்கூர் வட்டாரத்தின் நிலை மாறியிருக்கிறது. 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்று சிலாங்கூர் பல்கலைக்கழகம் என வழங்கும் கல்வி நிலையத்தின் வளாகம் பெஸ்தாரி ஜெயாவிலேயே உள்ளது. செம்பனைக் காட்டுக்கு நடுவே பிற நாட்டு மாணவரும் வந்து படிக்கிறார்கள். அவர்களைக் காணும்போது அவர்களின் வீட்டிலும் யாரோ ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

அயல்நாட்டுக் கல்வி நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அதில் எதிர்பாராதது நேரும் என்பதும் உறுதி. 1941இல் கல்வி கேட்டு நின்ற தோட்டத் தொழிலாளர், தம் பிள்ளைகள் எதையும் தாங்கிக்கொள்ளக் கற்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவர்களுக்குத்தான் தாங்கிக்கொள்வது ஏற்கெனவே தெரியுமே. தேர்ந்தெடுக்கும் நிலை வேண்டும் என்றே கேட்டார்கள். ஆகவே, அடுத்து விமானம் ஏறும் தம்பி தங்கையருக்குப் பிரியாவிடை விருந்தில் மாலை போடுவதோடு நிறுத்திவிடாமல், நாம் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து அந்தத் திரும்பும் பணத்தையும் கையில் கொடுத்து அனுப்புவோம். அப்பணம் செலவாகாமல் அப்படியே திரும்பி வந்தால், அடுத்தவருக்கு ஆகும்.